இரவல் மாடுகள்

பாரிவாக்கத்தில் வடிவு என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள். கேஸ்கார வடிவு என்று கேட்டால் ஒரே வீடுதான். ஏரிக்கரையை ஒட்டி, பின்பக்கம் அகலமான தொட்டியும் அதன்மேல் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம்முமாக நிற்கும் வீடு. அந்தப் பட்டப்பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது எண்பத்து நாலில். கடைசிவரை போகவில்லை. பின்னால் மூன்று வருஷம் அந்த வீட்டில் கேஸ் மருந்துக்கும் இல்லாமல் போனது ஊருக்குத் தெரியும். அதை வெகுநாள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாங்காட்டுப் பக்கத்திலிருந்து எத்திராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வடிவு. வந்த வீட்டில் நிலம் இருந்தது, மூன்று பசு, இரண்டு எருமை இருந்தன. ஆனால் சமையல்கட்டு, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஓட்டுச் சார்ப்பு. ஜன்னல் கிடையாது. வறட்டியும் சவுக்குச் சிராயும் வைத்து ஊதி ஊதி, கல்யாணமான மூன்றாம் வருஷமே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண் எப்போதும் சிவந்திருக்கும். துக்கம் கேட்க வந்தவள் மாதிரி இருக்கிறாளே என்று எத்திராஜின் சொந்தத்தில் ஒருத்தி கேலி செய்வாள்.

மனோகரன் என்ற விரிவாக்க அலுவலர் ஒரு மொபெட்டில் வந்து, மாட்டுத் தொழுவத்திலேயே குந்தி உட்கார்ந்து, சாண எரிவாயுக் கலன் பற்றி விளக்கினார். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்காத வயசு. சாணியைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும், உள்ளே வாயு உண்டாகி டிரம்மைத் தூக்கும், குழாய் வழியாக அது அடுப்புக்கு வரும் என்றார்.

எத்திராஜ் நம்பவில்லை. "சாணிய எரிச்சிட்டா நெலத்துக்கு எருவுக்கு இன்னா பண்றது சார்? நீங்க வந்து போடுவீங்களா?"

"சாணி எரியாதுண்ணே. அதுல இருக்கிற வாயு மட்டும்தான் எரியும். கரைசல் வெளிய வந்துடும், அதையே எருவா போடலாம்."

வடிவு கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "பாத்திரத்துல கரி புடிக்குமா?"

"பிடிக்காதும்மா."

அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எத்திராஜை அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் சம்மதிக்க வைத்துவிட்டாள்.

ஊரிலேயே முதல் கலன் அது. காலையில் முழங்கைவரை சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டு வடிவு கை கழுவி வந்தால், பக்கத்துச் சட்டங்களில் வழுக்கிக்கொண்டு டிரம் மெல்ல மேலே ஏறும். அடுப்பைத் திருகினால் சங்குப்பூ நிறத்தில் தீ. ஊத வேண்டாம், விசிற வேண்டாம். புதுப் பாத்திரம் புதுசாகவே இருந்தது. இருமலும் எங்கோ போய்விட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார், பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட அடுப்பைப் பார்த்த நேரம் அதிகம். 'சாணி வாசனை காப்பில அடிக்குமா' என்று கேட்டவர்களுக்கு எத்திராஜ் வலிய இரண்டு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்புவான். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஜீப் வரும். அதிகாரிகள் இறங்கி டிரம்மைப் பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், அவர்களும் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

மனோகரன் அந்த ஊருக்குப் பதினோரு கலன் கட்டிக் கொடுத்தார். அவருக்கு ஒன்றியக் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது.

தொண்ணூறு பிறந்ததும் ஊரின் முகம் மாறியது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் ரோட்டோரத்தில் வெள்ளைக் கல் நட்டார்கள். வயலுக்கெல்லாம் நகர் என்று பெயர் வந்தது. எத்திராஜ் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததில் ரோட்டோர நிலம் போயிற்று. பங்காளிகள் பாகம் பிரித்ததில் மிச்சம் துண்டாகி, அதுவும் மனையாகப் போயிற்று. மேய்ச்சலுக்கு விட்ட இடத்தில் முள்கம்பி. வைக்கோல் வெளியூரிலிருந்து வர வேண்டியதாயிற்று. எருமைகள் முதலில் போயின. அப்புறம் செவலை. அப்புறம் காரி. கடைசியாக மயிலைப் பசுவைத் தரகன் ஓட்டிக்கொண்டு போனபோது எத்திராஜ் வீட்டில் இல்லை. வேண்டுமென்றே நெமிலிச்சேரியில் இருந்த பெரிய பெண் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். கயிற்றை அவிழ்த்துத் தரகன் கையில் கொடுத்தவள் வடிவுதான்.

எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். காக்கிச் சட்டையைக் கம்பெனியிலேயே கழற்றி மாட்டிவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைவான். யாராவது வெளியூர்க்காரன், "இன்னா எத்திராஜி, மாடுங்கள காணோம்?" என்றால், "மேய்ச்சலுக்குப் போயிகீது" என்பான். கேட்டவன் போன பிறகு வடிவு சிரிப்பாள். முதலில் அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது.

சாணி இல்லாத தொட்டியில் டிரம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அந்த வருஷம் ஜீப் வருவதற்கு முதல்நாள் மனோகரன் வந்தார். மீசை நன்றாக முளைத்து, முறுக்கிவிடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"எத்திராஜண்ணே, டிரம்மு கொஞ்சம் மேல இருந்தா பார்வையா இருக்கும்."

"மாடே இல்லியே சார்."

"இல்லன்னு நீங்க ஏன் சொல்றீங்க? கட்டினதைத்தான் எண்றாங்க. எரியுதான்னு யாரு கேட்டா? எனக்கு இருவது ஊரு இருக்கு. ஒரு ஊர்ல விழுந்தா எல்லா ஊரையும் தோண்டுவாங்க."

மனோகரன் கேட்டிருக்காவிட்டாலும் எத்திராஜ் செய்திருப்பான். மாடு கட்டாத வீடு என்று சர்க்கார் காகிதத்தில் தன் பெயருக்கு நேரே எழுதுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு பெரிய போல்ட்டுகள் கொண்டுவந்தான். பால்காரர் உலகநாதனைக் கூட்டி, கடப்பாரையால் நெம்பி டிரம்மைத் தூக்கி, அதன் காதுகளுக்குக் கீழே சட்டத்தில் இருந்த துளைகளில் போல்ட்டைச் சொருகினான். டிரம் அந்தரத்தில் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் கேஸ் நிரம்பி வழிவது போல இருந்தது.

"மாமே, டிரம்மு ரெடி. தொழுவம் காலியா கீதே?" என்றார் உலகநாதன். அவர் ஆவடி குவார்ட்டர்சுக்குப் பால் ஊற்றுகிறவர். ஊரில் ஏழெட்டு மாடு மிச்சம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். "நம்ம மாட்ட ரெண்டு மணி நேரம் கட்டிகினு இரு. ஜீப்பு போனதும் ஓட்டிகினு வந்துடு."

அப்படி ஆரம்பித்தது அது. எத்திராஜ் வீட்டைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரனும் கேட்டான். அவன் தொழுவமும் காலிதான். ஆகவே ஜீப் தெருவழியாக வரும்போது உலகநாதனின் மாடுகள் ஏரிக்கரை வழியாக அடுத்த வீட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். மாடு மெதுவாக நடந்தால் மனோகரன் இளநீர் வெட்டச் சொல்லி அதிகாரிகளை நிறுத்தி வைப்பார். பதினோரு வீட்டிலும் தொழுவம் நிறைந்திருந்தது. பதினோரு டிரம்மும் மேலே நின்றன. அவ்வளவும் நடந்து முடிந்த சாயங்காலம் உலகநாதன் சொன்னார்: "மாடுங்க கால் வீங்கிப் போச்சு மாமே. நாளைக்குப் பால் கறக்குமோ கறக்காதோ. அடுத்த வருசம் ஜீப்புல ஏத்திகினு போகச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். சிரிக்கும்போது இருமல் வந்தது. இருமல் நிற்க வெகு நேரமாயிற்று.

அவள் அப்போது எரித்துக்கொண்டிருந்தது கம்பெனிக் கட்டை. எஸ்டேட்டில் இயந்திரம் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை உடைத்துப் போடுவார்கள். எத்திராஜ் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். தார் பூசிய பலகை, பெயின்ட் அடித்த பலகை. பற்ற வைக்க எண்ணெய் துடைத்த பஞ்சு. பழைய சவுக்குப் புகை கண்ணைக் கரிக்கும், அவ்வளவுதான். இந்தப் புகை நெஞ்சுக்குள் போய்ப் படியும். சமைத்த சோற்றில்கூடத் தார் வாசனை. மழைக்காலத்தில் ஈரப் பலகை எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். ஒரு சொம்பு வெந்நீர் வைப்பதற்குள் வடிவு நாலு முறை வெளியே ஓடி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பூந்தமல்லி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பீடி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"சீ! இன்னா டாக்டரு நீங்க."

"கோவப்படாத. படம் எடுத்துப் பார்த்தா இருவது வருஷம் பீடி குடிச்ச ஆள் நெஞ்சு மாதிரி இருக்கு. அடுப்புல இன்னா எரிக்கிற?" அவள் சொன்னதைக் கேட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே புகைக்கு முன்னால உக்காராத. ஸ்டவ் வெச்சுக்க. மருந்து அப்புறம்தான்."

ஸ்டவ் வைக்கக் கிருஷ்ணாயில் வேண்டும். வெளியே வாங்கிக் கட்டுப்படியாகாது. வடிவு ரேஷன் கடைக்குப் போனாள். கடைக்காரர் பால்ராஜ் அவளுடைய கார்டைத் திருப்பிக் காட்டினார். கலன் கட்டிய வருஷமே அதில் கேஸ் உள்ள வீடு என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அன்றைக்கு அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவள் அவள்.

"கேஸ் ஊட்டுக்குக் கிருஷ்ணாயில் கெடையாதும்மா."

"கேஸ் எங்க கீது பால்ராஜி? ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கார்டுக்குத் தெரியாதே." பால்ராஜ் நல்ல மாதிரிதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஜீப்புல வர்றாங்கல்ல, அவங்க கலன் ஓடலன்னு எழுதித் தரணும். அத்த எடுத்துகினு வா, நானே அலைஞ்சு இந்த முத்திரைய எடுத்துத் தரேன்."

அன்றிலிருந்து வடிவு ஜீப்புக்காகக் காத்திருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அன்றைக்கு டிரம் கீழே இருக்க வேண்டும், தொழுவம் காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

தொண்ணூற்று மூன்றில், பொங்கல் கழிந்ததும், மனோகரன் சொல்லியனுப்பினார். இந்தத் தடவை வழக்கமான அதிகாரிகள் இல்லை, மெட்ராஸிலிருந்து ஆய்வு செய்கிறவர்கள் வருகிறார்கள், ஜாக்கிரதை என்று. எத்திராஜ் சுண்ணாம்பு நனைத்துச் சமையல்கட்டுச் சுவருக்கு அடிக்க ஆரம்பித்தான். கரி மூன்று பூச்சுக்கும் அடங்காமல் மஞ்சளாகக் கசிந்தது.

"ஏங்க," என்றாள் வடிவு. "இந்த வருசம் அந்த போல்ட்ட கயட்டிடுங்க."

"இன்னாத்துக்கு?"

"டாக்டரு சொன்னது ஒங்களுக்குத் தெரியும்."

"அதுக்கு? வர்றவன் போறவன் கிட்டல்லாம் எங்கூட்ல மாடு இல்ல, நான் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னு சொல்லச் சொல்றியா?"

"மாடு இல்லன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியறது வேற. எழுதிக் குடுக்கறது வேற." சுண்ணாம்பு மட்டையை வாளிக்குள் எறிந்தான். "எங்கப்பன் காலத்துல இருந்து இது மாட்டுக்காரன் ஊடு. நான் பூட்ட அப்புறம் இன்னா வேணா எழுதிக்க."

"நீங்க போறதுக்குள்ள நான் பூடுவேன்."

எத்திராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். மட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினான். கெட்டவன் இல்லை அவன். அவளை ஒரு அடி அடித்தது கிடையாது. அம்பத்தூரிலிருந்து பலகையை அவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு வருகிறவன். அதனால்தான் அவளுக்குத் தெருவில் நின்று கத்தத் தோன்றவில்லை.

மறுநாள் காலை உலகநாதன் முந்தின வீட்டிலிருந்து இரண்டு மாட்டைக் கொண்டுவந்து கட்டினார். ஒன்றுக்கு இடது கொம்பு பாதி உடைந்திருந்தது. "இதுங்களுக்கு இப்ப வழியே மனப்பாடம் மாமே. கயித்த உட்டா தானே அடுத்த ஊட்டுக்குப் போயி நிக்கும்," என்றார். வடிவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தங்கச்சி, இன்னா இப்பிடி எளச்சிட்ட?"

"மேய்ச்சல் பத்தல அண்ணே," என்றாள் அவள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மாளின் பெயர் வரலட்சுமி. ஐம்பது வயசிருக்கும், பருத்திப் புடவை, வியர்வையில் நழுவும் கண்ணாடி. ஏற்கெனவே மூன்று வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார். தொழுவத்தில் நின்று உடைந்த கொம்பை வெகு நேரம் பார்த்தார்.

"இந்த மாட்டை நான் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"இந்த ஊர் மாடெல்லாம் ஒரே ஜாடை மேடம்," என்றார் மனோகரன்.

"எல்லாத்துக்கும் இடது கொம்புதான் உடையுமோ?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் பொறுமையாக எத்திராஜிடம் விளக்கினார். போன வருஷம் உலக நாடுகள் எல்லாம் ஒன்றாகக் கூடிப் பேசியிருக்கிறார்கள், புகை பெருகி பூமியே சூடாகிக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு நாடும் என்ன செய்தது என்று கணக்குக் காட்ட வேண்டும், எத்தனை அடுப்பில் விறகு நின்றது என்று சரியாகத் தெரிந்தால்தான் நாம் முன்னேறினோமா இல்லையா என்று சொல்ல முடியும். எத்திராஜ் கைகட்டிக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க," என்றான். டிரம்மைக் காட்டினான். அந்த அம்மாள் டிரம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"சமையல் ரூமைப் பார்க்கலாமா?"

இத்தனை வருஷத்தில் ஜீப்பில் வந்த ஒருவரும் கேட்காத கேள்வி அது. மனோகரன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் குனிந்து உள்ளே போய்விட்டார். புதுச் சுண்ணாம்பு வாசனை. மண் அடுப்பின்மேல் கோணியைப் போர்த்தி, அதன்மேல் முறம் வைத்து மறைத்திருந்தான் எத்திராஜ். மேடைமேல் கேஸ் அடுப்பு விபூதி போட்டுத் துடைத்தது போலப் பளபளத்தது. அந்த அம்மாள் திருகினார். தீக்குச்சி கிழித்து வைத்தார். குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது.

வாசலில் இருந்து மனோகரன், "காலைச் சமையல் முடிஞ்சிருக்கும் மேடம். கேஸ் தீர்ந்திருக்கும்," என்றார்.

"டிரம்தான் மேல வரைக்கும் நிக்குதே?" அந்த அம்மாள் திரும்பி, சுவரோரம் நின்ற வடிவைக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இது எரியுதா?"

வடிவு எத்திராஜைப் பார்த்தாள். நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கல்யாணத்தன்று தாலி முடிச்சு விழாமல் விரல் நடுங்கியபோது இருந்த முகம். காலையிலே தீந்து போச்சும்மா என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்லியும் இருப்பாள். புதுச் சுண்ணாம்புத் தூளோ, தீக்குச்சிப் புகையோ, இருமல் முந்திக்கொண்டது. ஒருமுறை ஆரம்பித்தால் அது அவள் கையில் இல்லை. சுவரைப் பிடித்தாள், வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கோணியில் கை பட்டு முறம் உருண்டது. கோணி நழுவிக் கரியேறிய மண் அடுப்பும், உள்ளே அரைகுறையாக எரிந்த தார்ப் பலகையும் வெளியே தெரிந்தன. உதட்டைத் துடைத்த முந்தானையில் சிவப்பாக ஒரு கறை.

மூச்சு திரும்பியதும் அவள் சொன்னாள். "மாடு எங்களுது இல்லம்மா. ரெண்டு வருசமா எங்களுக்கு மாடு இல்ல. கேஸும் இல்ல."

அந்த அம்மாள் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வடிவிடம் நீட்டினார்.

எத்திராஜ் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தான். "மூணு பசு, ரெண்டு எருமம்மா," என்றான், யாரும் கேட்காமலே. "செவலைய கொன்னத்தூரான் வாங்கிகினு போனான். காரி, பட்டாபிராம் பக்கம். மயிலைய இன்னா பண்ணாங்கன்னு தெரியாது. தரகன் கையில குடுத்தது. அது எங்க பூட்டிருக்கும்னு ஒங்களுக்கே தெரியும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வாங்க, டிரம்மயும் பாத்துட்டுப் போங்க."

பின்னால் போய்ச் சுத்தியலை எடுத்து ஒரு போல்ட்டைத் தட்டினான். டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மற்றதையும் தட்டினான். அத்தனை பெரிய இரும்பும் வறண்ட தொட்டிக்குள் விழுந்த சத்தத்தில் உலகநாதனின் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஓடினவை வேறெங்கும் போகவில்லை. பழகிய வழியில், ஏரிக்கரை மேலேறி, அடுத்த கேஸ் வீட்டுத் தொழுவத்தில் போய் நின்றன.

வரலட்சுமி ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். முத்திரையை நீக்கச் சொல்லித் தனியாக ஒரு தாளும் எழுதி வடிவிடம் கொடுத்தார். "நீங்க சொன்னது நாட்டுக்கு நல்லதும்மா. பொய்க் கணக்குல யாருக்கும் லாபம் இல்ல."

"எனக்குக் கிருஷ்ணாயில் வந்தா போதும்மா," என்றாள் வடிவு.

அன்றைக்கு மிச்ச பத்து வீடுகளிலும் சமையல்கட்டுவரை போய்ப் பார்த்தார்கள். தீ வந்தது இரண்டே இடத்தில். ஊர் யாரைத் திட்டும்? குழாயடியில் வடிவு குடத்தை வைத்தால், "வழி உடுங்கடி, கேஸ்காரம்மா வந்துட்டாங்க. ஜீப்புக்குச் சொல்லி அனுப்பிடப் போறாங்க," என்றார்கள். உலகநாதன் மட்டும் பழையபடி காலையில் ஒரு ஆழாக்குப் பால் ஊற்றிவிட்டுப் போவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். எத்திராஜ் அவளைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவான். காக்கிச் சட்டையோடே ஊருக்குள் வர ஆரம்பித்தான்.

வடிவு தாளைப் பால்ராஜிடம் கொடுத்தாள். பால்ராஜ் சொன்ன வாக்கை மீறவில்லை. அலையத்தான் அலைந்தார். ஆனால் இந்த மேஜையில் இருக்கிறவர் அந்த மேஜையைக் காட்டினார். அந்த மேஜைக்காரர் ஒருநாள் கூட்டம், ஒருநாள் விடுமுறை, அப்புறம் மாற்றல். கலன் கட்டின இலாகா வேறு, கார்டு இலாகா வேறு. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. ஐப்பசி மழை வந்து பலகையெல்லாம் ஊறிக் கிடந்தது. டாக்டர் உட்காராதே என்று சொன்ன இடத்தில்தான் அந்த மழைக்காலம் முழுவதும் வடிவு உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே உட்காருவாள்? எத்திராஜ் பேசாமல் இருந்தாலும் பசிக்காமல் இருக்கவில்லையே.

கார்த்திகையில் மனோகரன் மொபெட்டில் வந்தார். வேறு தாலுக்காவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வந்திருந்தார். வடிவு பயந்துகொண்டே வெளியே வந்தாள்.

"ஒங்க மேல கோவம் இல்லம்மா. நீங்க கவலப்படாதீங்க." அவர் ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மேடம் எழுதினத மேல படிச்சாங்க. மத்த எட்டு வீட்டையும் ரிப்பேர் பண்ணா ஓடும்னு போட்டு, கணக்குலேயே வெச்சுக்கிட்டாங்க. ஒங்க வீடு ஒண்ணுதான் போச்சு. அதுவும் டிரம்மு விழுந்து நெளிஞ்சதால."

"ஒண்ணுதானா?"

"அத பக்கத்து ஊர்ல புதுசா ஒண்ணு கட்டி நெரப்பியாச்சு. இந்த வருஷம் நாம போன வருஷத்தவிட மேல." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். வடிவு அவருக்கு மோர் கொடுத்தாள். காப்பி வைக்க அன்றைக்கு அடுப்பு பற்றவில்லை.

முத்திரை நீக்கிய கார்டு தை மாதம் வந்தது. அதற்குள் வடிவால் எழுந்து நடக்க முடியவில்லை. இரண்டு தலையணையைச் சாய்த்து நடுவீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு வராது.

கார்டை வாங்கி டின்னை எடுத்துக்கொண்டு எத்திராஜே போனான். ரேஷன் கடை வரிசையில் பெண்களுக்கு நடுவே காக்கிச் சட்டையோடு நின்றான். வழியில் யாரிடமோ சொல்லிப் பழைய பம்ப் ஸ்டவ் ஒன்றும் கொண்டுவந்தான். சமையல்கட்டில் வைக்காமல், அவள் கண்ணில் படும்படி நடுவீட்டு வாசலில் வைத்தான். அவனுக்கு அதைப் பற்ற வைக்கத் தெரியவில்லை. பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தான். எண்ணெய் பீறிட்டு, தீ ஆளுயரத்துக்கு எழும்பியது. பதறிப் பின்னால் நகர்ந்தான்.

"காத்த எறக்குங்க," என்றாள் வடிவு. ஒரு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

"எங்க எறக்குறது?"

"சைடுல திருகாணி கீது பாருங்க. ஆங். மொதல்ல சூடாவணும். அப்பால அடிங்க."

"நீ எங்க கத்துகின? நம்மூட்ல ஸ்டவ்வே இல்லியே."

"எங்கம்மா ஊட்ல இருந்துது." நடுவில் மூச்சு வாங்கினாள். "போதும், போதும், அடிக்காதீங்க."

ஸ்டவ் சீறிக்கொண்டு பிடித்தது. எத்திராஜ் கஞ்சி வைத்தான். உப்பை முதலில் போட்டான், மறந்து மறுபடியும் போட்டான். தட்டில் ஊற்றி ஆற்றி அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கையை அமர்த்தினாள்.

"கரிக்குதா?"

"இல்ல. நல்லாகீது."

"பொய் சொல்லாத."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் இருமல் வரும் என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். மிச்சக் கஞ்சியை அவன் குடித்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் குடித்தான்.

வீட்டில் புகை இல்லை. பூந்தமல்லி டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, நெஞ்சு போனது போனதுதான், திரும்பாது என்று எத்திராஜை வெளியே அழைத்துச் சொன்னார். உள்ளே வந்தவன் வாய் திறப்பதற்குள் வடிவு, "இன்னா சொன்னாரு?" என்றாள். "மார்கழிப் பனி சரியில்ல, வெயில் ஏறினா சரியாப் பூடும்னாரு," என்றான் அவன். தையே பாதி போயிருந்தது.

மாசி முடிவதற்குள் போய்விட்டாள். அந்த மாதக் கிருஷ்ணாயில் டின்னில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி வைக்க அது போதுமாக இருந்தது.